காருக்குள் நாற்றமா? ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்

காருக்குள் நாற்றம் அடித்தால் நம்மில் பலர் டேஷ்போர்டில் ஒரு பெர்ஃப்யூம் புட்டியை ஒட்டிவிட்டு விஷயத்தை மறந்துவிடுகிறோம். கொட்டிய பால், வியர்வை ஊறிய சீட், டிக்கியில் மறந்துபோன கருவாட்டுப் பொட்டலம் என்றால் கழுவி வெயிலில் காயவைத்தால் தீர்ந்தது. ஆனால் சில நாற்றங்கள், வண்டியில் எங்கோ கசிகிறது, எதுவோ கருகுகிறது என்று சொல்பவை. அவற்றை மூடக் கூடாது.

பெட்ரோல் வாடை தொடர்ந்து வந்தால் எரிபொருள் குழாயில் கசிவு இருக்கலாம். தித்திப்பான வாடையுடன் கண்ணாடியில் பிசுபிசுப்பு படிந்தால் கூலன்ட் கசிகிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் நஞ்சு. அழுகிய முட்டை நாற்றத்துக்கு, அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் பேட்டரியோ பழுதான கேட்டலிடிக் கன்வர்ட்டரோ காரணமாகலாம். பிளாஸ்டிக் கருகினால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். எலி கடித்த வயர் தீப்பிடிக்கவும் கூடும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில் வரும் நாற்றம் வேண்டுமென்றே கலக்கப்பட்டது. கசிவு மூக்குக்குத் தெரியத்தான் அந்த ஏற்பாடு. அந்த வாடை வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் கொடியதற்கு மணமே கிடையாது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து இந்த வாயு உள்ளே புகுந்தது ஆய்வில் தெரிந்தது. காரிலும் இதே ஆபத்து உண்டு. இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் ஒருபோதும் வேண்டாம். சைலன்சர் புகை வாடை லேசாக உள்ளே வந்தாலும் அதோடு இந்த வாயுவும் வருகிறது என்றே கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழையுங்கள்.

நம் ஊரில் அதிகம் கேட்கும் புகார், ஏசி போட்டதும் வரும் ஈரத்துணி நாற்றம். குளிர்விக்கும் சுருளில் படியும் நீர் வடியாமல் பூஞ்சை பிடிப்பதே பெரும்பாலும் காரணம். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கேபின் ஃபில்டரை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். நீர் வடியும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்குமேல் சர்வீஸ் சென்டர் பில்லில் ஏறும் ‘ட்ரீட்மென்ட்’ எதுவானாலும், அது எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும். ஓசோன் அடிக்கிறேன் என்றால் அந்த நேரத்தில் வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஓசோன் நுரையீரலைத் தாக்கும். முடிந்தபின் கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றாட விடுங்கள். நாஃப்தலீன் பாச்சை உருண்டையைக் காரில் போடாதீர்கள். பரம்பரையாக ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஸ்ப்ரே டப்பாவை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்தால் வெடிக்கலாம்.

இனி உரிமை. புது வண்டியில் நாற்றம், இரண்டு மூன்று முறை சர்வீஸுக்கு விட்டும் போகவில்லை. “எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே சார்” என்கிறார்கள். நாற்றத்தைப் படம் பிடிக்க முடியாது, எனவே காகிதம்தான் சாட்சி. ஒவ்வொரு முறையும் உங்கள் புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த வாடை, ஏசி ஓடும்போதா ஓடாதபோதா என்பது அதில் இருக்கட்டும். நனைந்த மேட், கசிந்த இடம் இவற்றைப் படமெடுங்கள். வேறொரு மெக்கானிக்கின் கருத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சரிவராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய வண்டிகள் பற்றிய வழக்குகள் அங்கேயே விசாரிக்கப்படும். வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாக ஒரு டாக்ஸி வாங்கி ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். எரிபொருள் கசிவு போல உயிருக்கு ஆபத்தான தயாரிப்புக் குறை என்றால், வாகனத்தைத் திரும்பப் பெறக் கோரி வாஹன் இணையதளத்திலும் புகார் பதியலாம். 2021 ஏப்ரல் முதல் இந்த வழி இருக்கிறது.

கால் டாக்ஸியில் ஓட்டுநர் சிகரெட் பிடித்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். பொதுப் போக்குவரத்து வாகனத்தில் புகைப்பது 2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டப்படி குற்றம். அபராதம் 200 ரூபாய் வரை. தொகை சிறிது என்பது உண்மைதான்.

பழைய கார் வாங்குபவர்களுக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை. சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்களைப் போன்றவை துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கியும் ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் மோந்து பாருங்கள். தனிநபரிடம் வாங்கினால் பொதுவாக நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது, வியாபாரியிடம் வாங்கினால் கேட்க வழியுண்டு. யாரிடம் வாங்கினாலும், வண்டி வெள்ளத்தில் மூழ்கவில்லை என்று கையெழுத்துடன் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.