காஸ் மாத்திரையும் கை நடுக்கமும்

வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று மருத்துவரிடம் போகிறவர்களுக்கு எழுதித் தரப்படும் கேப்சூல்களில் பல கூட்டு மருந்துகள். அமிலத்தைக் குறைக்கும் ரபிப்ரசோல், பேன்டோப்ரசோல், இசோமெப்ரசோல் போன்றவற்றில் ஒன்றோடு இன்னொரு மருந்தும் அதே உறைக்குள் இருக்கும். அந்த இன்னொன்று பல நேரம் லெவோசல்பிரைடு, 75 மில்லிகிராம். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டால் இரைப்பை சீக்கிரம் காலியாகும், உப்புசம் குறையும். சாப்பிடுகிறவருக்கு அது ‘காஸ் மாத்திரை’, அவ்வளவுதான். இதே மருந்து கூடுதல் அளவில் மனச்சிதைவு நோய்க்குத் தரப்படுவது என்பதையும், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பது என்பதையும் பெரும்பாலும் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

சீட்டில் பதினைந்து நாளைக்கு என்று எழுதியிருக்கும். சாப்பிட்டதும் நிம்மதி கிடைப்பதால், சீட்டு தொலைந்த பிறகும் மருந்துக்கடையில் பேரைச் சொல்லி வாங்குவது பழக்கமாகிவிடும். சில மாதம் கழித்து வீட்டுப் பெரியவரின் நடை மாறுகிறது. முன்பு வீசி நடந்த கைகள் உடம்போடு ஒட்டிக்கொள்கின்றன. சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகிறது. கட்டிலில் புரண்டு படுக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுத்து வரவரச் சிறுத்துப்போய், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியில் படிவத்தைத் திருப்பித் தருகிறார்கள். முகத்தில் பாவம் குறைந்து, கோபமா வருத்தமா என்றே தெரிவதில்லை. பிறகு கை நடுங்கத் தொடங்குகிறது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்கிறது வீடு.

வயது மட்டும் இதைச் செய்வதில்லை. என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள மூளையின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அங்கே ஆழத்தில் இரு பக்கமும் நரம்பணுத் திரள்கள் சில உண்டு. மருத்துவர்கள் இவற்றைச் சேர்த்து ‘பேசல் கேங்லியா’ என்பார்கள். கையைத் தூக்கு, காலை வை என்ற கட்டளை மூளையின் மேற்பட்டையிலிருந்துதான் போகிறது. ஆனால் எந்த அசைவை விடுவது, எதை நிறுத்திவைப்பது, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பெரிதாக என்பதில் இந்தத் திரள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓய்வாக இருக்கும்போது இவை அசைவுகளை அடக்கியே வைத்திருக்கின்றன. ஏரி மதகில் ஒரு பலகையை மட்டும் தூக்கி வேண்டிய வாய்க்காலுக்கு நீர் விடுவதுபோல, வேண்டிய அசைவுக்கு மட்டும் அடக்கத்தைத் தளர்த்திவிடுகின்றன.

இதற்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று அசைவை விடுவிப்பது, மற்றது அசைவை அடக்குவது. டோபமின் முதல் பாதையை ஊக்குகிறது, இரண்டாவதைத் தணிக்கிறது. ஆகவே டோபமின் இருந்தால் அசைவு எளிது. டோபமின் குறைந்தால் இரண்டு பக்கமும் அடி: விடுவிக்கும் பாதை சோர்கிறது, அடக்கும் பாதை ஓங்குகிறது. உடம்பு மெதுவாகிறது, விறைக்கிறது. இந்த டோபமினைத் தருவது நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள். அவை வருடக்கணக்கில் அழிந்துகொண்டே வருவதுதான் பார்க்கின்சன் நோய். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரைப் பற்றி எழுதிய நடுக்குவாதம் இதுவே.

நரம்பணுக்கள் அழியாமலேயே இதே நிலை வரமுடியும் என்பதை முதலில் காட்டியது ஒரு மருந்து. நம் நாட்டு சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், இரத்தக்கொதிப்புக்கும் மனநோய்க்கும் தரப்பட்டது. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். மூளையில் டோபமின் தீர்ந்துபோய் முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. 1957இல் வெளியான இந்த ஆய்வு அவருக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணம். அதே 1950களில் மனநோய்க்கு வந்த குளோர்புரோமசின் வேறு வழியில் இதே விளைவைத் தந்தது. அது டோபமினைத் தீர்ப்பதில்லை. டோபமின் வந்து அமரவேண்டிய ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. அந்த ஏற்பிகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு அடைபடும்போது விறைப்பும் மந்தமும் தலைகாட்டுகின்றன என்று பிற்கால ஸ்கேன் ஆய்வுகள் காட்டின.

மனநோய் மருந்தில் இப்படி ஆகலாம் என்பது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும், எதிர்பார்த்துக் கவனிக்கிறார்கள். என் கவலை, இதே குணம் சாதுவான பேர்களில் வீட்டு அலமாரிக்குள் வந்திருப்பதுதான். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு. தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் புரோகுளோர்பெரசின். இது குளோர்புரோமசின் குடும்பத்தைச் சேர்ந்தது. தலைசுற்றலுக்கும் பஸ் பயண வாந்திக்கும் சின்னரிசின். ஒற்றைத் தலைவலிக்கு மாதக்கணக்கில் தரப்படும் ஃப்ளூனரிசின். உப்புசத்துக்கு லெவோசல்பிரைடு. ஐந்தும் மூளைக்குள் போய் டோபமினைத் தடுப்பவை. மலைப்பாதைப் பயணத்துக்கு ஒரு மாத்திரை போடுவதால் பார்க்கின்சன் வந்துவிடாது. அந்த வகை ஆபத்து நாள்கணக்கு நீள்வதில் இருக்கிறது.

ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் மெட்டோகுளோபிரமைடை ஐந்து நாளுக்கு மேல் தரவேண்டாம் என்றது. அமெரிக்காவில் 2009 முதல் அந்த மருந்தின் விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சாகிறது: 12 வாரத்துக்கு மேல் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். காரணம், நீண்டநாள் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வாய் தானாக மென்றுகொண்டே இருக்கும், நாக்கு தானாக வெளியே வந்துபோகும். மருந்தை நிறுத்திய பிறகும் இது நிற்காமல் போகலாம். லெவோசல்பிரைடுக்கும் ஃப்ளூனரிசினுக்கும் அமெரிக்காவில் விற்பனை அனுமதியே இல்லை. ஃப்ளூனரிசின் உடம்பிலிருந்து மிக மெதுவாக வெளியேறுவது, நிறுத்தினாலும் அதன் பிடி சீக்கிரம் விடாது.

இளையவர்களிடம் இந்த மருந்துகளின் தொல்லை வேறு முகத்தோடு வரும், வேகமாகவும் வரும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்ட ஓரிரு மணியில், அல்லது மறுநாளுக்குள், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண்விழிகள் மேலே செருகி நிற்கும், தாடை இறுகும். நினைவு தெளிவாக இருக்கும், பேசத்தான் முடியாது. பார்க்கிறவர்கள் வலிப்பு என்பார்கள், பேய் பிடித்தது என்பார்கள். சில நேரம் மருத்துவமனையில்கூட நடிப்பு என்று ஒதுக்கப்படுவதுண்டு. சரியான மாற்று ஊசி போட்டால் சில நிமிடங்களில் பிடிப்பு விட்டுவிடும். அதற்கு ஒன்றுதான் தேவை: முந்தின நாள் என்ன மருந்து போட்டார்கள் என்று யாராவது கேட்க வேண்டும்.

முதியவர்களின் விஷயத்தில் இந்தக் கேள்வி விடுபட்டால் நிலைமை மோசம். மருந்தால் வந்த மந்தம் பார்க்கின்சன் நோயாக எழுதப்படுகிறது. அதற்கு லெவோடோபா, அதாவது மேலே சொன்ன எல்-டோபா, தொடங்கப்படுகிறது. லெவோடோபா குமட்டலைத் தரும். குமட்டலுக்கு மீண்டும் ஒரு வாந்தி மாத்திரை. நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் சேர்ந்தால், வயதானவர்களுக்கு அது மறதியையும் குழப்பத்தையும் கொடுக்கும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் 65 வயதைக் கடந்தவர்களின் மருந்துப் பதிவேடுகளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட முடிவு இது: மெட்டோகுளோபிரமைடு சாப்பிட்டவர்களுக்கு லெவோடோபா தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு. அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது புதிய மாத்திரை இல்லை, பழைய மாத்திரையை நிறுத்துவது.

நம் ஊரில் இன்னொரு கூட்டத்தையும் நினைத்துப்பார்க்க வேண்டும். பல வருடச் சர்க்கரை நோயில் இரைப்பை மந்தமாகும். அதனால் உப்புசம், அதனால் இந்தக் கேப்சூல். அதே சர்க்கரையால் சிறுநீரகமும் கெட்டிருந்தால், லெவோசல்பிரைடும் மெட்டோகுளோபிரமைடும் சரியாக வெளியேறாமல் உடம்பில் தங்கும். வயது, சிறுநீரகக் கோளாறு, குடும்பத்தில் பார்க்கின்சன் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் கூடுதல் கவனம் வேண்டும்.

உண்மையான பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கக் கையிலோ காலிலோ தொடங்கி மெதுவாக மறுபக்கம் பரவும். மருந்தால் வருவது பல நேரம் இரண்டு பக்கமும் ஒன்றாக, சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் இது உறுதியான அளவுகோல் கிடையாது, நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு உள்ளே வளர்ந்துகொண்டிருந்த பார்க்கின்சனை மருந்து முன்கூட்டியே வெளியே கொண்டுவந்திருக்கும்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கப் பெரிய எழுத்து கம்பெனிப் பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மருந்துக்கடையில் ஐந்து மாத்திரைக்காக அட்டையைக் கத்தரிக்கும்போது அந்த எழுத்துதான் முதலில் போகும். பெயர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை படித்துக் காட்டட்டும். மேலே சொன்ன ஐந்து பெயர்களில் ஒன்று இருந்து, ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அட்டையோடு மருத்துவரிடம் போய் இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். மாற்றுகள் இருக்கின்றன: டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை, ஆனால் இதயக் கோளாறு உள்ளவர்கள் அதிலும் கவனமாக இருக்க வேண்டும். ஒண்டான்செட்ரான் டோபமினைத் தொடுவதேயில்லை.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு அந்த மருந்து தேவை; நடுக்கம் வந்தால் அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர்களின் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

மருந்தால் தொல்லை வந்தது என்று சந்தேகம் இருந்தால் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகப் புகார் செய்ய வழி இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மாத்திரையின் பெயரையும் சாப்பிட்ட நாள்களையும் குறித்துவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.