புது பிக்கப்புக்கு லிஃப்ட் கிட்: பில்லுல வராத செலவு எவ்வளவு?

கார் லோன் வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்ட கேள்விக்கு வீடியோவுல பதில் சொல்ல நேரம் பத்தல. அதான் இங்க எழுதறேன். கோயம்புத்தூர்ல வேலை, சொந்த ஊர் பழனி, ஆயக்குடி பக்கம் வீட்டுக்காரங்களோட கொய்யாத் தோப்பு. இசுஸு வி-கிராஸ் புக் பண்ணியிருக்கார். "டெலிவரி எடுத்த கையோட ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போடணும், எந்தக் கிட் வாங்கலாம் சார்?"

எந்தக் கிட்டுங்கறதுக்கு முன்னாடி, அது என்ன செய்யும்னு பார்த்துடலாம்.

வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ரெண்டுலயும் முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி லீஃப் ஸ்பிரிங். கம்மி விலையில கிடைக்கறது ஸ்பேசர். இருக்கற ஸ்பிரிங்குக்கு மேல ஒரு உலோகத் துண்டு வச்சு வண்டியைத் தூக்கறது, அவ்வளவுதான். அடுத்தது முழு கிட்: புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர். ஆஸ்திரேலியாவோட ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் மாதிரி பிராண்டுகள் இந்த வகை. ரெண்டுல ஒண்ணுன்னா முழு கிட்தான் உருப்படி. ஸ்பேசர் உயரத்தை மட்டும் கொடுக்கும்; ஷாக் அதே பழைய ஷாக், கீழ இறங்கற தூரம் குறைஞ்சு குழியில "டங்"னு அடிக்கும்.

ஆனா பலருக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. கிட் போட்டா பாடியும் சேஸிஸும்தான் மேல போகும். பின் ஆக்ஸிலும் அதுக்கு நடுவுல தொங்கற டிஃபரன்ஷியலும் சக்கரத்தோட சேர்ந்தது, அது இருந்த இடத்துலயே இருக்கும். தோப்புப் பாதையில டிராக்டர் தடத்துக்கு நடுவுல இருக்கற மேடு முதல்ல இடிக்கறது அதைத்தான். அதை உயர்த்த பெரிய டயர் வேணும். டயரோட விட்டம் 50 மி.மீ. கூடினா ஆக்ஸில் 25 மி.மீ.தான் ஏறும். பெரிய டயர் போட்டா ஸ்பீடோமீட்டர் காட்டறது மாறும், பிக்கப் குறையும், டீசல் கூடும்.

அதோட நிக்காது. முன்னாடி தூக்கினா சக்கரத்தோட கோணம் மாறும், அலைன்மென்ட் பண்ணணும். சில சமயம் அப்பர் கன்ட்ரோல் ஆர்மையே மாத்தணும். டிரைவ் ஷாஃப்ட் சாய்வு கூடும், ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். பழனியில இருந்து கொடைக்கானல் மலைப்பாதையில ஏறும்போது, எடை மேல போன வண்டி வளைவுல எப்படிச் சாயும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. விவரங்களுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி உரிமையாளர் வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ சேர்ந்தது: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும்.

"ஆர்.சி.ல ஸ்பிரிங் உயரமா எழுதியிருக்கு?"ன்னு கடைக்காரர் கேட்பார். வாதம் பண்ணலாம் தான். ஆனா ஒவ்வொரு மாடலும் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி நிறுவனத்துல சோதனை பண்ணி ஒப்புதல் வாங்கின பிறகுதான் விற்பனைக்கு வருது. சஸ்பென்ஷன் அந்த ஒப்புதலோட ஒரு பாகம். ரோட்டுல நிறுத்தின அதிகாரிகிட்ட அந்த வாதத்தைப் பண்ணப்போறது நீங்க, கடைக்காரர் இல்ல.

எனக்கு 5,000 ரூபாய் அபராதம் பெரிய விஷயமாத் தெரியல. பயப்படவேண்டியது இன்ஷூரன்ஸ். 25 லட்சத்துக்கு மேல போற வண்டி, பெரும்பகுதி லோன். விபத்து ஆகி சர்வேயர் வந்து பார்க்கறார், சொல்லாம பண்ணின மாற்றம் இருக்கு. ஓன் டேமேஜ் க்ளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு நீங்களே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துட்டீங்க. கம்பெனி என்ன சொன்னாலும் இ.எம்.ஐ. நிக்காது, வண்டி ஷெட்டுல கிடந்தாலும் மாசம் 5ஆம் தேதி அக்கவுன்ட்ல பணம் எடுப்பாங்க. போதாக்குறைக்கு வாரன்டி: சஸ்பென்ஷன், ஸ்டியரிங், டிரைவ் ஷாஃப்ட் எது போனாலும் "கிட்டாலதான்"னு சொல்ல வழி இருக்கு.

பணக்கணக்கு

கிட், ஆர்ம், ஃபிட்டிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 1.5 லட்சம்னு வச்சுக்குவோம். வெளியில போடற கிட்டுக்குக் கார் லோன்ல இடம் இருக்காது, அதனால பலரும் பர்சனல் லோன் பக்கம் போறாங்க. 14 சதவீதம், 3 வருஷம்னா மாசம் சுமார் 5,127 ரூபாய். மொத்தம் கட்டறது ஏறக்குறைய 1.85 லட்சம். டயர் தனி. வண்டியை விக்கும்போது இந்தக் காசு திரும்ப வராது, வாங்கறவர் ஆர்.சி. பிரச்சனையைச் சொல்லி விலையைக் குறைப்பார். வரியில கழிக்கலாமான்னு கேக்காதீங்க. சம்பளக்காரருக்குச் சொந்த வண்டிக்கு தேய்மானமும் கிடையாது, லோன் வட்டிக்கும் கழிவு கிடையாது.

அதனால அந்தத் தம்பிக்கு என் பதில்: இப்ப வேண்டாம். முதல் 10,000 கி.மீ. கம்பெனி உயரத்துலயே ஓட்டுங்க. தோப்புப் பாதையில அடி உண்மையிலயே இடிக்குதான்னு அப்பத் தெரியும். டயர் தேயும்போது, கம்பெனி அனுமதிச்ச அதே சைஸ்ல நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடுங்க. சேறு, மண்ணுல கிடைக்கற பிடிப்புல பாதிப் பிரச்சனை அதுலயே தீரும். ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் அப்படியே இருக்கும்.

ஸ்பிரிங் விஷயத்துல மட்டும் ஒண்ணு. இந்தக் கிட்டுகள் சுமையை வச்சு லைட், மீடியம், ஹெவின்னு வரும். நாலு கூடை கொய்யா ஏத்தற வண்டிக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டா, காலியா திரும்பும்போது முதுகு உடையும். கடையில முதல்ல "எப்பவும் எவ்வளவு வெயிட் ஏத்துவீங்க?"ன்னு கேக்காம விலை சொல்ல ஆரம்பிச்சா, எழுந்து வந்துடுங்க.

இவ்வளவு படிச்சும் போட்டே தீருவேன்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க: கிட் பேரு, எத்தனை மி.மீ. உயர்வு, பாலிசி நம்பர். "இதைப் போட்டா ஓன் டேமேஜ் கவர் தொடருமா?"ன்னு எழுத்துல பதில் கேளுங்க. ஏஜென்ட் போன்ல சொல்றது பதில் இல்ல. லோன் கொடுத்த பேங்குக்கும் அதே மெயில். ஒப்பந்தத்துல வண்டியை மாத்தறது பத்தி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. ரெண்டு பதிலும் கையில வந்த பிறகு கடைக்குப் போங்க.