நகராட்சியே இல்லை... டவுன் ஹால் மட்டும் கம்பீரமாக நிற்கிறது!

மொத்தமே சுமார் 3,000 பேர் வசித்த ஊர் அது. அந்த ஊருக்கு 17 மீட்டர் உயரத்தில் ஒரு கவுன்சில் ஹால் எதற்கு?

பின்லாந்தின் சைனட்சாலோ தீவில் 70 வருடங்களுக்கு முன்பு இந்தக் கேள்வி எழுந்தது. கேள்வி கேட்ட நகராட்சி இன்று இல்லை. ஆனால், ஹால் அப்படியே இருக்கிறது.

பின்லாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் பையன்னே ஏரிக்குள் ஒரு குட்டித்தீவுதான் சைனட்சாலோ. ஊருக்குச் சோறு போட்டவை மர அறுவை ஆலையும் பிளைவுட் தொழிற்சாலையும்தான். 1924 வரை இத்தனை சிறிய தீவை மூன்று உள்ளாட்சிகள் பங்கு போட்டு வைத்திருந்தன. அந்த வருடம்தான் அது தனி நகராட்சி ஆனது. 'எங்களுக்கும் சொந்தமாக ஒரு டவுன் ஹால் வேண்டும்' என்ற ஆசை அந்த மக்களுக்கு வந்ததில் ஆச்சர்யமே இல்லை.

1949-ல் டிசைன் போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஆல்வார் ஆல்டோ. அப்போதே உலகம் அறிந்த கட்டடக் கலைஞர். தன் டிசைனுக்கு அவர் வைத்த பெயர் 'கூரியா'. பழைய ரோமாபுரியின் சபை மண்டபத்துக்கான பெயர். மர ஆலைத் தொழிலாளர்களின் ஊருக்கு ரோமாபுரி பெயர்... கொஞ்சம் ஓவர்தான்!

அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை வெளியே கொட்டாமல் நடுவில் நிரப்பி, ஒரு மாடி உயரத்துக்கு முற்றம் அமைத்தார் ஆல்டோ. அதைச் சுற்றிலும் செங்கல் கட்டடம். முற்றத்துக்கு ஏற இரண்டு வழிகள். ஒன்று, வழக்கமான கல் படிக்கட்டு. இன்னொன்று, மரப்பலகைகளால் தடுத்து மண் நிரப்பிய படிக்கட்டு. அதில் புல் முளைத்துக் கிடக்கும். இன்றும் அதிகம் போட்டோ எடுக்கப்படுவது இந்தப் புல் படிக்கட்டுதான்.

அலுவலகத்தோடு நூலகமும் இதற்குள்ளேயே இருந்தது. சில வீடுகளும் உண்டு. கீழ்த்தளத்தில் கடைகள் வாடகைக்கு. ஊர் வளர்ந்தால் கடைகளைக் காலி செய்து ஆபீஸாக மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

சிக்கல் வந்தது கவுன்சில் ஹாலின் உயரத்தில். செங்கல் விலையுயர்ந்த சமாசாரம். இவ்வளவு உயரம் தேவையா என்று ஊர்ப் பெரியவர்கள் செலவைக் காட்டிக் கேட்டார்கள். அதற்கு ஆல்டோ சொன்னதாக ஒரு கதை உண்டு. உலகிலேயே அழகான டவுன் ஹால் இத்தாலியின் சியனா நகரத்தில் இருக்கிறது, அதன் உயரம் 16.5 மீட்டர், ஆகவே நாம் 17 மீட்டர் கட்டுவோம் என்றாராம்! (சியனா டவுன் ஹால் கோபுரத்தை அளந்தால் 80 மீட்டரைத் தாண்டும். அதை அவர் சௌகர்யமாக விட்டுவிட்டார்.) எப்படியோ, பதில் எடுபட்டது. 1950-களின் தொடக்கத்தில் கட்டடம் எழுந்து நின்றது.

ஹாலுக்குப் போகும் வழியே ஒரு அனுபவம். செங்கல் சுவர்களுக்கு நடுவே மங்கிய வெளிச்சத்தில் ஏறி, திரும்பி, உள்ளே நுழைந்தால் சட்டென்று தலைக்கு மேலே பெரும் உயரம். கூரையைத் தாங்கும் இரண்டு மரச்சட்டங்கள் விசிறி போல விரிந்து நிற்கின்றன. சுவரில் செங்கற்கள் நூல் பிடித்ததுபோல இருக்காது. வெயில் பட்டால் சுவருக்கு உயிர் வர வேண்டும் என்று வேண்டுமென்றே லேசாக முன்னும் பின்னுமாக வைக்கச் சொன்னார் ஆல்டோ. கொத்தனார்கள் என்ன நினைத்தார்களோ!

கட்டுமானத்தை உடனிருந்து கவனித்தவர் ஆல்டோவின் அலுவலகத்தில் வேலை செய்த இளம் கட்டடக் கலைஞர் எலிஸா. முதல் மனைவி ஐனோவை 1949-ல் இழந்திருந்த ஆல்டோ, 1952-ல் எலிஸாவைத் திருமணம் செய்துகொண்டார். பக்கத்துத் தீவான மூரட்சாலோவில் இருவரும் கோடைக்கால வீடு கட்டினார்கள். அங்கேயும் விதவிதமான செங்கல் சுவர்கள்தான்!

அந்தச் சிறிய ஊர் நகராட்சியாக நீடிக்கவில்லை. 1993-ல் சைனட்சாலோ, பக்கத்து நகரமான யுவஸ்குலாவுடன் இணைக்கப்பட்டது. ஒரே நாளில் இது 'முன்னாள்' டவுன் ஹால் ஆனது. முடிவுகள் நகரத்தில் எடுக்கப்பட, அவ்வளவு வாதாடிக் கட்டிய சபையில் கூடுவதற்கு கவுன்சிலர்கள் இல்லை.

ஆனாலும் கட்டடம் பாழாகவில்லை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இதைப் பார்க்க, பல நாடுகளிலிருந்து கட்டடக் கலை மாணவர்கள் வருகிறார்கள். வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம். உள்ளேயே இரவு தங்கும் வசதியும் செய்யப்பட்டது. பின்லாந்து போகிறவர்கள் கோடையில் போவது நல்லது. மற்ற மாதங்களில் அந்தப் புல் படிக்கட்டு பனிக்கு அடியில் இருக்கக்கூடும்.