ஆசிரியர் கல்வித் திட்டங்களின் தற்சீராய்வு அறிக்கை: ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியாவில் உயர்கல்வித் தரத்தை உறுதிசெய்யும் பொறுப்பு, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனம் அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் தோற்றம் பெற்றது. ஒரு கல்வித் திட்டத்தை நடத்துவோர் தம்மைத் தாமே ஆய்ந்து எழுதும் தற்சீராய்வு அறிக்கை, தரச்சான்று வழங்கும் நடைமுறையில் அடிப்படை ஆவணமாகும். சுபாங் ஜெயாவில் டெய்லர்ஸ் பல்கலைக்கழகம் முதலிய தனியார் நிலையங்கள் ஆசிரியர் கல்வியை வழங்கி வருகின்றன. ஆதலின், அத்தகைய திட்டங்களுக்கு இவ்வறிக்கை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

இரு நிலைகள்

தரச்சான்று இரு நிலைகளில் வழங்கப்படுகிறது. தற்காலிகத் தரச்சான்று திட்டம் தொடங்குமுன் பெறப்படுவது. முழுத் தரச்சான்று முதல் மாணவர் அணி இறுதியாண்டை எட்டும்போது நாடப்படுவது. முன்னதில் செய்யவிருப்பதைக் கூறுகிறோம். பின்னதில் செய்து முடித்ததை மெய்ப்பிக்க வேண்டும். முழுத் தரச்சான்று பெற்ற திட்டமே மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இடம்பெறும். எனவே, அறிக்கை பிழைபடின் முதலில் பாதிக்கப்படுவோர் அம்மாணவர்களே.

மதிப்பீட்டுக் கூறுகள்

2008ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்பது கூறுகளை வகுத்திருந்தது. 2017ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு அவற்றை ஏழாகச் சுருக்கியது. அவை: திட்ட உருவாக்கமும் கற்பித்தலும், கற்றல் மதிப்பீடு, மாணவர் தேர்வும் ஆதரவுச் சேவைகளும், கல்விசார் பணியாளர், கல்வி வளங்கள், திட்ட மேலாண்மை, திட்டக் கண்காணிப்பும் தொடர் மேம்பாடும்.

சான்றுகளின் தொடர்ச்சி

இக்கூறுகளைத் தனித்தனியே நிரப்புவது போதாது. ஒன்றற்கொன்று தொடர்பு காட்டுதல் வேண்டும். பயிற்றுப்பணியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்வது நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் இயல்பு. 'பன்மொழிப் பின்னணி கொண்ட வகுப்பில் கற்பிக்கும் திறன்' என்பது ஒரு திட்டத்தின் கற்றல் பேறாயின், அதனைப் பயிற்றுவிக்கும் பாடம் எது? அதனை அளக்கும் மதிப்பீடு எது? மேற்பார்வை விரிவுரைஞரின் குறிப்பும் பள்ளி வழிகாட்டி ஆசிரியரின் குறிப்பும் ஒத்துள்ளனவா? அவற்றின் பயனாகக் கலைத்திட்டத்தில் மாறியது யாது? இவ்வினாக்களுக்கு ஆவணத்தால் விடை கூறுவதே தற்சீராய்வு. 'பயிற்றுப்பணி சிறப்பாக நடைபெற்றது' என்னும் ஒற்றைத் தொடர் சான்றாகாது.

குறைகளைப் பதிவு செய்தல்

குறைகளை மறைத்தால் தரச்சான்று எளிதிற் கிட்டும் என்னும் எண்ணம் சிலரிடம் நிலவுகிறது. ஆய்வுக்குழுவினர் நேரில் வந்து விரிவுரைஞர், மாணவர் ஆகியோரோடு உரையாடும்போது அறிக்கைக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி வெளிப்பட்டுவிடும். குறையையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் காலவரையறையையும் பொறுப்பாளரையும் குறிப்பிடும் அறிக்கையே நம்பகத்தன்மை உடையது. விரிவுரைஞர், மாணவர், பயிற்றுப்பணிப் பள்ளிகள் ஆகிய மூவகையினரின் கருத்தும் அதில் இடம்பெறல் வேண்டும்.

முடிவுரை

தற்சீராய்வை ஆய்வுக்குழுவின் வருகைக்கு முந்திய சில வாரங்களில் முடிக்கும் எழுத்துப்பணியாகக் கருதலாகாது. ஒவ்வொரு பருவத்திலும் சான்றுகளைத் தொகுத்துவரின் அறிக்கை தானே உருப்பெறும். ஆசிரியர் கல்வியின் குறை, பட்டம் பெறுவோரோடு நில்லாது, அவர்தம் வகுப்பறையில் அமரும் பிள்ளைகளையும் சென்றடைவது. இதனை உணர்ந்து எழுதப்படும் அறிக்கையே தன் நோக்கத்தை நிறைவு செய்யும் என்பது எம் துணிபு.