லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஏன் ஓடவில்லை?

புதுக்கோட்டை சமஸ்தானம் 'அம்மன் காசு' என்ற சின்னஞ்சிறு செப்புக்காசை வெளியிட்டது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஓர் அணாவுக்கு 20 காசு. சமஸ்தானத்துக்குள் பொருள் வாங்க உதவிய அந்தக் காசு, எல்லை தாண்டித் திருச்சிக்குப் போனால் செல்லாது. காசில் குறை ஏதுமில்லை. அதை ஏற்கும் ஆட்சி அங்கே இல்லை.

லேப்டாப்பில் எழுதிய வலைச்செயலியைச் சர்வரில் ஏற்றும்போதும் இதே கதைதான். புதுக்கோட்டைக் கல்லூரி மாணவி ஒருவர் நூலகத்துக்கென ஒரு செயலியை பிஎச்பி மொழியின் 'லாராவெல் 10' கட்டமைப்பில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரியில் வந்த அந்தப் பதிப்புக்குக் குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும். உபுண்டு 20.04 போட்ட சர்வரிலோ இயல்பாகக் கிடைப்பது பிஎச்பி 7.4. ஏற்றியதும் செயலி நின்றுவிடும்.

உடனே நிற்பது நல்லது என்பேன். கட்டமைப்பு எதுவும் இல்லாமல் நேரடியாக எழுதிய செயலி அப்படி நிற்காது. 'ஸ்டர்_கன்டெய்ன்ஸ்' என்ற செயல்கூறு பிஎச்பி 8.0-இல்தான் வந்தது. பழைய சர்வரிலும் முகப்புப் பக்கம் அழகாகத் திறக்கும். அந்தச் செயல்கூறு உள்ள வரியைத் தொடும் தேடலை யாராவது செய்யும் வரை பிழை வெளியே தெரியாது. திசை மாறினாலும் சிக்கல்தான்: தரவுத்தளத்தோடு இணைக்கும் 'மைஎஸ்கியூஎல்_கனெக்ட்' 2015-இல் வந்த பிஎச்பி 7.0-இல் நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய பழைய தளம், ஹோஸ்டிங்காரர் பதிப்பை உயர்த்தும் நாளில் படுத்துவிடும்.

இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது, பிழையே காட்டாத மாற்றம். சுழியமும் 'நூல்' என்ற சொல்லும் சமமா என்று இரட்டைச் சமக்குறியிட்டுக் கேட்டால், பிஎச்பி 7 'ஆம்' என்கிறது. பிஎச்பி 8 'இல்லை' என்கிறது. அதே வரி, வேறு விடை. கட்டணமோ மதிப்பெண்ணோ கணக்கிடும் இடத்தில் இப்படி நேர்ந்தால், ஆள் உட்கார்ந்து சரிபார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

துணைநூலகங்களின் பதிப்பும் இப்படி மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான், அவற்றை நிறுவித் தரும் 'கம்போசர்' என்ற கருவி ஒரு பூட்டுக் கோப்பை எழுதி வைக்கிறது. எந்தத் துணைநூலகம், எந்தப் பதிப்பு என்பது அதில் துல்லியமாக இருக்கும். சர்வரில் 'இன்ஸ்டால்' கட்டளை கொடுத்தால் அந்தப் பட்டியலே வந்திறங்கும். 'அப்டேட்' கொடுத்தால் பட்டியலே புதிதாக எழுதப்பட்டு, சோதித்துப் பார்க்காத பதிப்புகள் உள்ளே வந்துவிடும். சர்வரில் அந்தக் கட்டளையைத் தொடவே கூடாது. 2013-இல் வெளியான 'டாக்கர்' இன்னும் ஒரு படி மேலே போய், பிஎச்பியையும் செயலியோடு சேர்த்தே கட்டி அனுப்ப வழி செய்தது.

புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் வேறு வழியில் இயங்குகிறது. தேசிய தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற பொதுத்தளத்தில் பல மாவட்டங்களின் தளங்களோடு அதுவும் இருக்கிறது. பதிப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாவட்டந்தோறும் சிதறாமல் ஓரிடத்தில் நடக்கிறது.

தனியாகச் சர்வர் வைத்திருப்பவர்கள், பழைய பதிப்புக்கு ஏற்பப் புதுச் செயலியைக் குறுக்கிவிடலாம் என்று நினைப்பதுண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. பிஎச்பி 7.4-க்கான அதிகாரப்பூர்வப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. உயர்த்த வேண்டியது சர்வரைத்தான்.