போர்த்துக்கல் மன்னரும் கொங்கு நாட்டுத் திருச்சபையும்

நம் மறையைப் "பரங்கியர் மதம்" என்று கூறுவோர் உளர். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இச்சொல்லைக் கேட்டு மறுமொழி அறியாது நிற்பதுமுண்டு. ஆகவே, போர்த்துக்கல் அரசர்களுக்கும் நம் திருச்சபைக்கும் இருந்த உறவைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடையுமுன்பே மலையாள நாட்டில் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தனர். ஆயினும் கடல்வழி திறந்தபின், போர்த்துக்கல் மன்னர்களுக்குப் பாப்பரசர்கள் "பதுருவாதோ" என்னும் புரவலர் உரிமையை அளித்தனர். குருக்களை அனுப்புவதும், ஆலயங்களைப் பராமரிப்பதும் மன்னரின் கடமை. ஆயர்களை முன்மொழிவது அவரது உரிமை. இம்முறையிலேயே மூன்றாம் யோவான் மன்னர் காலத்தில், 1541-இல் லிஸ்பன் துறைமுகத்தினின்று புனித சவேரியார் புறப்பட்டார்.

கொங்கு நாட்டிலோ போர்த்துக்கீசியக் கொடி ஒருநாளும் பறந்ததில்லை. 17-ஆம் நூற்றாண்டில் சத்தியமங்கலம் முதலிய இடங்களுக்கு வந்த இயேசு சபைக் குருக்கள், மதுரை மிஷனைச் சார்ந்தவர்கள். பரங்கியர் கோலத்தைக் களைந்து, காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழிலேயே போதித்தனர். படைபலம் எதுவும் அவர்கள் பின்னே வரவில்லை.

புனித அருளானந்தரை எண்ணிப் பாருங்கள். 1647-இல் லிஸ்பனில் உயர்குடியிற் பிறந்து, சிறுவயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராய் வளர்ந்தவர் அவர். 1687-இல் மிஷன் அலுவலாக அவர் தாயகம் திரும்பியபோது, அரசராகிவிட்ட அத்தோழர் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அருளானந்தரோ தமிழ்நாட்டையே தேர்ந்து மீண்டார். 1693 பெப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வேதசாட்சியானார்.

அரச ஆதரவுக்கு மறுபுறமும் உண்டு. 1640-இல் போர்த்துக்கல் ஸ்பெயினினின்று பிரிந்தபின், அரசியல் பூசலால் ஆயர் ஆசனங்கள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. 1759-இல் யோசேப்பு மன்னரின் அமைச்சர் பொம்பால், இயேசு சபையாரைப் போர்த்துக்கீசிய ஆட்சிப் பகுதிகளினின்று வெளியேற்றினார். மதுரை மிஷனுக்குப் புதிய குருக்கள் வருவது நின்றது. 1773-இல் அச்சபையே கலைக்கப்பட்டது. 1776-இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றும், பரந்த நாட்டுக்குக் குருக்கள் சிலரே. உபதேசியார்களும் இல்லத்துச் செபங்களுமே அக்காலத்தில் விசுவாசத்துக்குப் பேருதவியாயின. 19-ஆம் நூற்றாண்டிலோ, மன்னர் தரப்புக் குருக்களுக்கும் உரோமை நேரே அனுப்பிய குருக்களுக்கும் அதிகாரப் பிணக்கு மூண்டு, தமிழகத்தின் பல ஊர்களில் விசுவாசிகள் இரு பிரிவாயினர்.

இப்பிணக்கைக் குறைக்க 1886 ஜூனில் லூயிஸ் மன்னருடன் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் உடன்படிக்கை செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று இந்தியத் திருச்சபையின் ஆயர் ஆட்சி அமைப்பை நிறுவினார். 1850 முதல் அப்போஸ்தலிக்க விக்காரியத்தாயிருந்த நம் கோவை, மறைமாவட்டமாக உயர்ந்ததும் அப்போதே.

1910 அக்டோபர் 5-ஆம் நாள் புரட்சியால் அரியணை வீழ்ந்தது. கடைசி மன்னர் இரண்டாம் மனுவேல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். 1950-இல் போர்த்துக்கல், இந்திய ஆயர்களை முன்மொழியும் எஞ்சிய உரிமையையும் துறந்தது.

மன்னர்கள் செய்த நன்மைக்கு நன்றி கூறுவோம். அவர்கள் பூசலால் விளைந்த தீங்கையும் மறைக்க வேண்டியதில்லை. அரியணை போயிற்று, விசுவாசம் நிலைத்தது. "பரங்கியர் மதம்" என்பார்க்கு நம் பிள்ளைகள் கூறத்தக்க விடை இதுவே. அன்று குருவில்லாத ஊர்களில் விசுவாச விளக்கை அணையாது காத்தது இல்லத்துச் செபம். குரு அருகிலிருக்கும் இந்நாளில், நம் வீடுகளில் மாலைச் செபமாலை ஒலிக்கின்றதா? பெற்றோரே, சிந்தியுங்கள்.