58 என்று எழுதியிருந்தது, 49 பொருந்தியது

ஆலங்குடி பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர் பலரைப் போல நானும் கடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி போட்டு, சீப்பு, டார்ச் லைட், செல்போன் உறை என்று சில்லறைச் சாமான்கள் வைத்திருக்கிறேன். கடையில் இல்லாத பொருளை வாடிக்கையாளர் கேட்டால் "இல்லை" என்று சொல்ல நமக்கு வாய் வராது. "திங்கட்கிழமை கொள்முதலுக்குத் திருச்சி போகிறேன், வாங்கி வருகிறேன்" என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொன்னதில் எனக்கு நேர்ந்ததை உறுப்பினர்கள் அறிய எழுதுகிறேன்.

வழக்கமாக மாத மளிகை எடுக்கும் வீட்டுப் பையன் ஒருவன் பழைய லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுடைய தாத்தா ஸ்டுடியோ நடத்தியவர். அவர் வைத்திருந்தது சோவியத் தயாரிப்பான ஜெனித் கேமரா. கேமரா பழுதாகிவிட்டது, லென்ஸ் மட்டும் புதிதுபோல் இருந்தது. அதைத் தன் டிஜிட்டல் கேமராவில் ஒரு வளையம் போட்டு மாட்டியிருந்தான். "மாமா, அக்கா கல்யாணத்துக்கு இதிலேதான் படம் எடுக்கப் போறேன். முன்னால மாட்ட ஒரு ஃபில்டர் வேணும்" என்றான். நம் ஊர்ச் செம்மண் புழுதியில் லென்ஸைத் துடைத்துத் துடைத்தே அதன் மேல்பூச்சு போய்விடும். முன்னால் ஒரு ஃபில்டர் கண்ணாடி இருந்தால் கீறல் அதன்மேல் விழும், லென்ஸ் தப்பிக்கும்.

லென்ஸின் விளிம்பைப் பார்த்தேன். 2/58 என்று பொறித்திருந்தது. 58 என்று சீட்டில் எழுதிக்கொண்டு போய் வாங்கி வந்தேன். லென்ஸின் வாயைவிட ஃபில்டர் பெரிதாக இருந்தது. உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை, அது அவர் தவறும் இல்லை. அடுத்த வாரம், விவரம் தெரிந்தவர் என்று நான் நம்பிய ஒருவர், "ஜெனித் என்றால் 52" என்றார். அதையும் வாங்கினேன். அதுவும் பெரிது. கல்யாண நாள் வந்துவிட்டது. வரவேற்பில் தெளித்த பன்னீர் லென்ஸில் பட, பையன் அவசரத்தில் தோளில் கிடந்த துண்டால் துடைத்திருக்கிறான். தாத்தா இத்தனை ஆண்டு பொத்திக் காத்த கண்ணாடியில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அவன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் வந்த மளிகைச் சீட்டு பாதியாகக் குறைந்திருந்தது.

எங்கே பிழைத்தேன் என்று பிறகு விசாரித்தேன். 2/58 என்பதில் 58 என்பது லென்ஸின் குவிய தூரம், அதாவது ஃபோகல் லெங்த். 2 என்பது எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடும் என்பதைக் காட்டும் எண். ஊறுகாய் பாட்டிலில் 500 கிராம் என்று போட்டிருந்தால் மூடியின் அகலம் 500 என்று நாம் எண்ணுவோமா? நான் செய்தது அதுதான்! இன்றைய லென்ஸ்களில், வட்டத்தின் மேல் சாய்கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் ஃபில்டர் அளவைச் சொல்லும். பழைய சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் அந்தக் குறி கிடையாது. நீளமான வரிசை எண்ணும் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த ஆண்டு, அதையும் அளவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பையனிடம் இருந்தது ஹீலியோஸ் 44-2. ரஷ்ய எழுத்தில் பெயர் பொறித்திருந்தால், கவிழ்த்துப் போட்ட 'ட' போன்ற எழுத்தில் தொடங்கும். இதன் முன்வாய் 49 மில்லிமீட்டர். பின்னால் கேமராவில் மாட்டும் மரை 42. ஆகவே பின்பக்கம் அளந்தாலும் தவறிவிடும். இதன் தம்பியான ஹீலியோஸ் 44எம் வகைக்கு 52. எனக்கு 52 என்று சொன்னவர் அதை மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஜூபிட்டர் 8க்கு 40.5, ஜூபிட்டர் 9க்கு 49, ஜூபிட்டர் 37ஏக்கு 52. இண்டஸ்டார் 61 என்று கேட்டு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதே பெயரில் எல்/டி என்பது 40.5, எல்/இசட் என்பது 49.

பெயர் அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பர் கொண்டு அளக்கலாம். லேத் பட்டறைகளில் இருக்கும். லென்ஸின் மரை உள்பக்கம் இருப்பதால் மரையின் உச்சிக்கு உச்சிதான் அளவு கிடைக்கும், அது பெயரளவைவிடச் சற்றுக் குறையும். 49க்கு ஏறக்குறைய 48.2, 52க்கு 51.2, 40.5க்கு 40 என்று காட்டும். நான் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது 48 என்று தெரிந்தது, அதை நம்பியிருந்தால் மூன்றாவது முறையும் ஏமாந்திருப்பேன்.

அளவு சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் விளிம்பு நசுங்கியிருக்கலாம். அழுத்தித் திருகினால் மரை வெட்டிப் போகும். முதலில் மெதுவாக இடப்பக்கம் சுற்றி, 'டக்' என்று உட்கார்ந்த பின் வலப்பக்கம் சுற்ற வேண்டும். கையில் பெரிய ஃபில்டர் இருந்தால் இடையில் ஒரு வளையம் போடலாம். 49-52 என்று கேட்டால் 49 லென்ஸ் பக்கம், 52 ஃபில்டர் பக்கம். பெரிய வாய்க்குச் சிறிய ஃபில்டர் மாட்டினால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும்.

இந்தச் சரக்கு நம் வீடுகளுக்குள் வந்ததிலும் வணிகச் செய்தி ஒன்று உண்டு. 1953 ஆம் ஆண்டு வணிக உடன்பாட்டின்படி இந்தியாவும் சோவியத் நாடும் கணக்கை ரூபாயிலேயே தீர்த்துக்கொண்டன. இங்கிருந்து தேயிலையும் முந்திரிப் பருப்பும் போயின, அங்கிருந்து இயந்திரங்கள் வந்தன. சோவியத் கேமராக்களும் இந்தியச் சந்தைக்கு வந்தன. 1991 இல் அந்த நாடே கலைந்துவிட்டது. ஆனால் லென்ஸுக்கு மவுசு குறையவில்லை. பின்னணி சுழல்வதுபோல் படம் விழுவதால் இளைஞர்கள் ஹீலியோஸைத் தேடி எடுக்கிறார்கள். 2022 இல் வந்த 'தி பேட்மேன்' ஆங்கிலப் படத்தில்கூட சில காட்சிகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். பரணில் கிடப்பதை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கும் யாராவது வருவார்கள். அப்போது லென்ஸைக் கடையிலேயே அளந்துவிட்டு முன்பணம் வாங்குங்கள்.

கடைசியில் 49 வாங்கி, காசு வாங்காமல் பையனிடம் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. 52ஐ வேறொருவர் வளையத்தோடு சேர்த்து எடுத்துப் போனார். 58 மட்டும் இன்னும் கண்ணாடி அலமாரியில் கிடக்கிறது. 58 வாய் உள்ள லென்ஸ் யாரிடமாவது இருந்தால் வரச் சொல்லுங்கள், வாங்கிய விலைக்கே தருகிறேன்.